புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்ற சட்டம் வராத காலம். தேவாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் மழை இல்லை. மழை வேண்டிக் கோயில் வாசலில் புராணம் படிக்க என்னை உட்கார வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை போனவன் நான்தான். கூச்சத்தில் என் குரல் முன்வரிசையைத் தாண்டாது. சேரி ஆட்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுதான் கேட்க வேண்டும்.

"சாமி, காதுல விழலைங்க" என்றார் எங்கள் நிலத்தை உழுகிறவர்.

நான் நிமிரவில்லை. அவர் மரத்தைத் தாண்டி நாலு எட்டு வந்துவிட்டார். சிலர் எழுந்துபோய் அவரை அடித்தார்கள். நான் படிப்பதை நிறுத்தினேன்.

"ஏலே, பாதியில நிப்பாட்டுனா மழை போயிரும்" என்றார் நாட்டாமை. "அவன் கத்துறது சாமிக்குக் கேக்கக் கூடாது. சத்தமாப் படி."

படித்தேன். அன்று என் குரல் புளியமரம் வரை போனது. அவர் அங்கேதான் கிடந்தார்.