கொட்டாஞ்சேனையில் கழற்றிய கெமரா

யாழ்ப்பாண பஸ் காலை ஐந்தரைக்கு என்னைக் கொழும்பு வெள்ளவத்தையில் இறக்கியது. லொட்ஜில் அறைக்கு நாலாயிரம் ரூபா. சுடுதண்ணீர் வரும் என்றார்கள், வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு கட்டிலில் காலை நீட்டினேன்.

வந்த வேலையின் பெயர் கொஞ்சம் பெரிசு: ‘பாதுகாப்பும் நிலைபேறான சிறுவணிகமும்’. வளர்முக நாடுகள் சிலவற்றில் நடக்கும் ஆய்வு அது. நான் அதில் உதவி ஆய்வாளர். கொட்டாஞ்சேனையில் சில கடைகளின் வாசலில் கண்காணிப்புக் கெமரா பூட்டிக் கொடுத்திருந்தோம். கெமரா இருந்தால் கடைக்காரருக்குத் துணிவு வரும், இருட்டிய பிறகும் கடை திறந்திருக்கும், வியாபாரம் நிலைக்கும் என்பது எங்கள் கணிப்பு. அது பலித்ததா என்று கேட்டு வரத்தான் என்னை அனுப்பினார்கள்.

ஒன்பது மணிக்கு நூறாம் இலக்க பஸ். புறக்கோட்டைக்கு ஒன்பது கிலோமீற்றர்தான், காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து முச்சக்கரவண்டி. சாரதி ஐந்நூறு கேட்டார், நானூறுக்கு இறங்கினார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைக் கடக்கும்போது சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஒழுங்கையின் பெயரைச் சொன்னதும் அவருடைய கதை நின்றுவிட்டது. முனையிலேயே இறக்கிவிட்டு, உள்ளே வரமாட்டேன் என்றார். சோம்பேறி என்று மனதுக்குள் ஏசிக்கொண்டே நடந்தேன்.

பதினொரு மணிக்கு பிலோமினா அக்காவின் சாப்பாட்டுக் கடை. துறைமுகத்தில் வேலை செய்பவர்களுக்குப் பகல் பார்சல் கட்டி விற்றே அவர் மகளை வளர்க்கிறார். முன்பு நான் வந்தபோது இந்த நேரத்தில் வாசலில் ஆள் முட்டி மோதும். இன்று ஒரு சனம் இல்லை. மீன்குழம்பு சட்டியிலேயே ஆறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப் போனார்.

நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னார். கடைக்கு எதிரே உள்ள முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் ஓர் இளைஞனை யாரோ சுட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டார்கள். சுட்டவர்கள் எங்கள் கெமராவில் விழுந்திருக்கிறார்கள். பொலிஸார் வந்து அந்தப் பதிவை எடுத்துப் போனதை ஒழுங்கை முழுதும் பார்த்தது. அதற்குப் பிறகு ஒருவன் வந்து சாப்பாடு வாங்கினான், கெமராவை அண்ணாந்து பார்த்தான், அவருடைய மகள் எந்த வான் வண்டியில் பள்ளிக்கூடம் போகிறாள் என்பதை அவருக்கே சொல்லிவிட்டுப் போனான்.

“மிஸ், நீங்களே இதக் கழட்டிட்டுப் போங்க. நான் கழட்டினா ஏன் கழட்டினேன்னு பொலிஸ்காரன் கேப்பான். வச்சிருந்தா அவனுங்க வருவானுங்க. நீங்க கழட்டுறத ரோட்டே பாக்கணும்.”

ஆய்வை நடத்தும் பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார், மிகவும் வருந்தினார். பிறகு, இடையில் ஒரு கடையை விட்டால் ஒப்பீடு கெட்டுவிடும், ஆண்டு முடியும்வரை சமாளிக்கச் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேராசிரியருடைய மகளின் வானை யாரும் பார்த்து வைக்கவில்லை. ‘சரி சேர்’ என்று சொல்லி வைத்துவிட்டு, ஸ்குரூ ட்ரைவர் கேட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனேன்.

அது பார்மசி. நடத்துபவர் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்காரரான சிவநேசன் அண்ணை. அவருடைய வாசலிலும் எங்கள் கெமரா உண்டு. அது இருக்கிற தைரியத்தில்தான் இரவு ஒன்பதுவரை கடை திறக்கிறாராம், இந்த ஒழுங்கையில் காய்ச்சல்காரப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் மருந்து கிடைப்பது அவரிடம் மட்டும்தானாம். ஸ்குரூ ட்ரைவரைத் தந்தாலும் கையை உடனே எடுக்கவில்லை.

“யோசிச்சுச் செய்யுங்கோ, தங்கச்சி.”

நான் யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையை வாசலில் போட்டு ஏறினேன். எதிரே சலூன்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து நின்றார். மேல்மாடி யன்னல்கள் திறந்தன. பிலோமினா அக்கா வீதிக்குக் கேட்கிறமாதிரி, “ஆபீஸ்காரங்க சாமான், அவங்களே கொண்டுபோறாங்க,” என்றார். கதிரை ஆடியது. யாரோ வந்து அதை இறுக்கிப் பிடித்தார்கள். கெமராவைக் கழற்றிக் கையில் எடுத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இறங்கித் திரும்பினால், கதிரையைப் பிடித்திருந்தவன் நன்றாக அயன் பண்ணிய சேட்டோடு சிரித்துக்கொண்டு நின்றான். கெமராவும் கையுமாக நின்ற என்னைத் தன் தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

“நல்ல வேல செஞ்சீங்க மிஸ். மத்தக் கடைங்கள்ல இருக்கிறதும் உங்கதுதானே?”

ஓம் என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். பிலோமினா அக்கா தலையைக் குனிந்தபடி உள்ளே போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் யார் என்று எனக்கு விளங்கியது.

மூன்றரைக்குத் திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. கெமரா மடியில் பையோடு கிடந்தது. நாங்களும் பயத்துக்குள் வளர்ந்தவர்கள்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பயப்பட வேண்டியவனுக்கு ஒரு சீருடை இருந்தது, அவன் வரும் தெருவை விட்டு மற்றத் தெருவால் போகலாம். கொட்டாஞ்சேனையில், நான் விழாமல் அவனே கதிரையைப் பிடித்துக்கொள்கிறான். இதை அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளவத்தையில் இறங்கி லொட்ஜ் படியேறும்போது தொலைபேசி அடித்தது. சிவநேசன் அண்ணை. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகத்தான் பேசினார்.

“தங்கச்சி, ஒருத்தர் கடைக்கு வந்து சொல்லிப்போட்டுப் போறார், நாளைக்கு நீங்கள் என்ர கெமராவையும் கழட்ட வாறியளாம். மற்றக் கடையளுக்கும் சொல்லியாச்சாம். நீங்கள் வராட்டி நான்தான் மறிச்சனான் எண்டு நினைப்பாங்கள். எத்தினை மணிக்கு வருவியள்?”

பத்து மணிக்கு என்றேன்.