எட்டுக்கு எதிரே எடுத்த சீட்டு

மக்காவ் சூதாட்ட விடுதியில் பக்கராட் மேசையில் சீட்டுப் போடுகிறவளுக்கு மூளை வேண்டாம், முகம் கல்லாக இருந்தால் போதும் என்பார்கள். சோய்-கெங் பல வருடம் அப்படித்தான் நின்றாள். பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம். சீட்டுகளின் கூட்டுத்தொகை ஒன்பதை நெருங்குகிற பக்கம் ஜெயிக்கும். மூன்றாவது சீட்டு எடுப்பது யார் இஷ்டமும் இல்லை, அதற்குச் சட்டம் இருக்கிறது.

இந்த மாதிரி மேசைகளைத் தேடித்தான் அவளுடைய அப்பா வீட்டை விட்டுப் போனார். அம்மா ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் அவருக்கு ஒரு கிண்ணம் வைத்துக் காத்திருந்து, போன மழைக்காலத்தில் கண்ணை மூடினாள். அந்தச் செய்தியை அவரிடம் சொல்ல வேண்டும். எங்கே போய்த் தேடுவது?

ஒரு மதியம் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். வற்றிப்போன உடம்பு. சொந்தக்காரர் உட்கார்ந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு விலக வேண்டும். சோய்-கெங் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆட்டம், அதற்குள் நிமிர்ந்து பார்த்துவிட மாட்டாரா?

அவர் பேங்கர் மேல் பணம் கட்டினார். புள்ளியைப் பார்க்கச் சீட்டின் ஓரத்தை மெல்ல மடித்தார்.

"ஊதுங்க பெரியவரே! வேண்டாத புள்ளியெல்லாம் பறக்கட்டும்!" என்று பக்கத்தில் இருந்தவன் கத்தினான்.

உதட்டைக் குவித்து ஊதினார். சின்ன வயதில் அவளுடைய கஞ்சியை இப்படித்தான் ஊதி ஆற்றுவார். பாவி மனுஷன். அவள் கண் சீட்டை விட்டு அவர் உதட்டிலேயே நின்றது.

பேங்கருக்கு மூன்று. பிளேயருக்கு ஐந்து, அந்தப் பக்கம் எடுத்த மூன்றாவது சீட்டு எட்டு. கூட்டினால் பதின்மூன்று, பத்தைத் தள்ளினால் அதுவும் மூன்று. எட்டுக்கு எதிரே மூன்று வைத்திருக்கும் பேங்கர் சீட்டு எடுக்கவே கூடாது. பயிற்சிக்கு வந்த புதுப்பெண்கூடத் தவற மாட்டாள். சோய்-கெங் எடுத்துவிட்டாள். விழுந்தது ஐந்து.

"எட்டு! நமக்குத்தான்!" அப்பா மேசையைத் தட்டினார்.

மேற்பார்வையாளர் ஹோய்-சான் ஓடி வந்தார். "அந்தச் சீட்டு செல்லாதுங்க. மூணுக்கு மூணு, சமம். கட்டுனத எடுத்துக்கங்க."

அப்பா அப்போதுதான் நிமிர்ந்தார். "கண்ணு அவிஞ்சு போச்சா? வந்த அதிர்ஷ்டத்தத் தட்டி விட்டுட்டியே மூதேவி!"

"என்னாச்சும்மா உனக்கு?" என்றார் ஹோய்-சான்.

"இவரு எங்கப்பா சார்." அவர் பக்கம் திரும்பினாள். "அப்பா, நான் கெங். அம்மா செத்துப் போயிட்டாங்கப்பா."

அவர் அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது, உதடு ஒரு கணம் துடித்தது. பிறகு கண் சீட்டுப் பெட்டிக்குத் திரும்பியது.

"சரி சரி. சீட்டுப் போட அடுத்த ஆள வரச் சொல்லுங்க," என்றார் ஹோய்-சானிடம். "மேசை ஆறிப் போகுது."

மேசையை விட்டு விலகும்போது எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்ட வேண்டும். சோய்-கெங் இரண்டு கைகளையும் தட்டி, விரித்து, மேலே இருந்த கேமராவுக்குக் காட்டினாள்.