பல் டாக்டரின் பதினொரு மொட்டுகள்

பல் டாக்டர் மழையில் செடிக்குக் குடை பிடிக்கிறார், அவர் மனைவி டாக்டரம்மா பக்கத்தில் நனைந்துகொண்டு நிற்கிறார் என்று தெருவே பேசியது. விசாரித்ததில் பாதிதான் உண்மை. அவர் பிடித்தது குடையல்ல, கண்ணாடிப் பலகை. அதுவும் டாக்டரம்மாவின் அலமாரியிலிருந்து கழற்றியது. டாக்டரம்மா நனைந்தது மட்டும் முழு உண்மை.

செடி, மறக்காதே என்கிற நீலப்பூச் செடி. பனிமலை உச்சியில் பாறையிடுக்கில் ஒட்டிக்கிடக்கும் குள்ள ஜாதி. இரண்டு விரற்கடை உயரம், இலையெல்லாம் வெள்ளைப் பூனைமுடி. அந்த முடியில் ஈரம் தங்கினால் அழுகிவிடும். உரம் போட்டால் ஒரேயடியாகப் போய்விடும். மொத்தத்தில், மாமியார் வீட்டுக்கு முதன்முறை வந்திறங்கிய மாப்பிள்ளை. நாற்பது வருஷம் ஊரார் வாயில் சொத்தை தேடிய டாக்டர், ஓய்வுபெற்றதும் கொல்லையில் பாறையும் ஜல்லியும் கொட்டி, இதன் முன்னால் குப்புறப் படுத்துவிட்டார். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இலைக்கடியில் விட்டு மொட்டு எண்ணினார். பதினொன்று!

அவர் சேர்ந்திருந்த பாறைத் தோட்டச் சங்கத்தில் இதுவரை ஒருவரும் இதைப் பூக்கவைத்ததில்லை. தலைவரே நாலு செடியைக் கொன்றவர். ஞாயிற்றுக்கிழமை அவர் படையோடு பார்க்க வருகிறார். அந்த முகம் சுண்டிப்போவதைப் பார்ப்பதற்காகவே டாக்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை அவர் சவரம் செய்யப் போன நேரம் டாக்டரம்மா செடியைக் குனிந்து பார்த்தார். ஐயையோ, பூஞ்சை! இருபது வருஷம் கணவரின் கிளினிக்கில் கறை எடுத்துக்கொடுத்த கை சும்மா இருக்குமா? மெத்தென்ற டூத்பிரஷ்ஷால் ஓர் இலை விடாமல் தேய்த்தார். கறையோடு மொட்டும் போயிற்று.

தலைவர் வந்தார், குனிந்தார். "என்ன டாக்டர், இதுல முடியே இல்லையே! எவனோ வேற செடியைக் குடுத்து உங்க தலைல நல்லா மிளகாய் அரைச்சிருக்கான்."

டாக்டர் வழுவழுத்த இலையைப் பார்த்தார். டீத் தட்டோடு வந்த மனைவியைப் பார்த்தார். எல்லாம் புரிந்தது. சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. சொல்லாவிட்டால் சங்கத்தில் மரியாதை கிடைக்காது. வயிறுதான் ஜெயித்தது.

"ஆமா சார், ஏமாந்துட்டேன்."

"ஏங்க பொய் சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா. "வெள்ளையா முடி மாதிரி பூஞ்சை இருந்துச்சு சார். நான்தான் பளிச்சுனு தேய்ச்சுவிட்டேன். மாசக்கணக்கா பக்கத்துலயே படுத்துக் கிடந்தாரு, ஒரு நாளாவது சுத்தம் பண்ணணும்னு தோணுச்சா பாருங்க!"

சங்கமே ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்து சிரித்தது. ஜெயித்தவருக்கே உரிய கருணையோடு தலைவர் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். தனக்கென்று வரவழைத்த விதை, ஐந்து.

"வெச்சுக்கோங்க. பூத்துக் காய்ச்சதும் அஞ்சைத் திருப்பிக் குடுத்தா போதும்."

இரண்டு வருஷமாயிற்று. ஒன்றுகூட முளைக்கவில்லை.

"டாக்டர், நம்ம அஞ்சு விதை?" என்று தலைவர் எதிர்ப்படும்போதெல்லாம் கேட்கிறார். டாக்டர் இப்போது பால் வாங்கக்கூடப் பின்தெரு வழியாகத்தான் போகிறார்.