சீல் குத்துகிற சேருக்கு வருத்தமாம்

கொரோனா முடிந்த பிறகும் கந்தோருக்குத் திரும்ப மாட்டோம் என்று ஐந்து பேர் மேலிடத்துக்கு மனுக் கொடுத்தோம். எழுதியவன் நான்தான். “வீட்டிலிருந்தே பணி சிறப்பாக நடைபெறுகிறது” என்ற வரியைச் இடுப்பில் கட்டிய சாரத்தோடு கட்டிலில் படுத்தபடி எழுதினேன். தாராபுரத்து வீட்டிலிருந்து மன்னார் நகரத்துக் கந்தோருக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு எதிராகத்தான் எங்கள் மாபெரும் உரிமைப் போராட்டம்!

மனு எடுபடவில்லை. முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். காவலாளியோடு வாசலில் நின்ற ஒரு பெண், படகுப் பதிவுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

“சிலாவத்துறையில இருந்து நாலாவது தரம் வாறன் தம்பி. சீல் குத்துற சேருக்குக் கடும் வருத்தமாம், எழும்பவே ஏலாதாம். பாவம், தொழுகையில அவருக்காகவும் துஆ கேக்கிறனான். இப்ப சுகமாமோ?”

காவலாளி நிலத்தைப் பார்த்தார். வாசலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாததால் தினமும் வேலைக்கு வந்த ஒரே மனிதர் அவர். என் மானத்தைக் காக்க அவர் சொன்ன பொய் அது.

முத்திரை என் பைக்குள் இருந்தது. அத்தனை மாதமும் என் வீட்டு அலுமாரியில் கிடந்தது. சிறப்பாக நடைபெற்ற பணிக்கு அது ஒருநாளும் தேவைப்படவில்லை.

“ஓம், சுகம் வந்திட்டுது,” என்று சொல்லி முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.

நான் புதிதாக வந்தவன் என்று நினைத்திருப்பார். “நான் சுகம் கேட்டதா அவரிட்டச் சொல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் சவரம் செய்யும்போது அந்த ஆளைக் கண்ணாடியில் காண்கிறேன். சுகம் விசாரிக்க மனம் வருவதில்லை.