இருபத்தொன்பதாவது முகம்

கீரப்பாளையத்து மாமா மஞ்சள் பையைக் கவிழ்த்ததும், எங்கள் ஃபிளக்ஸ் கடை மேசையில் இருபத்தெட்டு பாஸ்போர்ட் போட்டோக்கள் சிதறின. பேத்தியின் காதணி விழாவுக்கு பேனர். அவர் எனக்கு உறவில்லை. சிதம்பரத்தில் கடைக்கு வருகிற பெரியவர்கள் எல்லோருமே எனக்கு மாமாதான். நடுவே குழந்தை, கீழே ஏழேழாக நான்கு வரிசை என்று அடுக்கிக் காட்டினேன். மாமா திரையை உற்றுப் பார்த்தார். "என் பங்காளி மூஞ்சி என்னுத விட ஒரு நூல் பெருசா இருக்குதே தம்பி?" வட்டம் எல்லோருக்கும் ஒரே அளவுதான் என்றேன். "ஊர்ல வட்டத்தயா பாக்கப் போறாங்க? மூஞ்சியப் பாருப்பா." அவர் சொன்னது உண்மை. சிலர் கேமராவுக்கு நெருங்கி நின்றிருந்தார்கள், சிலர் தள்ளி. தாடையிலிருந்து நெற்றிவரை ஒவ்வொரு முகமாக அளந்து சமன் செய்து முடிக்க மத்தியானமாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, கடலூரில் வலைத்தளங்கள் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தேன். என் வேலைகளைக் காட்டும் தளத்தை மறுநாள் காலைக்குள் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; அப்படியொரு தளம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க யாருமில்லை. நோட்டில் கட்டம் போட்டேன். முகப்பு, என்னைப் பற்றி, வேலைகள், தொடர்பு. எங்குமே இல்லாத ஒரு காபிக் கடைக்கு லோகோ வரைந்து வைத்தேன். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால், 'இந்த வேலையில் என்ன சிக்கல், எப்படித் தீர்த்தேன்' என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. இல்லாத கடைக்கு ஏது சிக்கல்? சிக்கல் என்றதும் மாமா ஞாபகம் வந்தது. அந்த பேனரையே தளத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

அவர் குடும்பத்துப் படமாயிற்றே, அனுமதி கேட்க வேண்டாமா? போன் செய்தேன்.

"இன்டர்நெட்டுன்னா உலகமே பாக்குமா?"

"ஆமாம் மாமா."

"அப்ப போடு. ஆனா ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா. புது மாப்பிள்ளைய உட்டுட்டுப் போட்டா அவுங்க ஊட்ல என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. போட்டோ அனுப்புறேன், அவரையும் சேத்துடு. கடைசியில போட்டுடாத!"

இருபத்தொன்பது எந்த வரிசையிலும் அடங்கவில்லை. யாரையாவது சுருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது கடைசியில் தனியாக நிற்க வேண்டும். பொழுது விடிந்தால் கெடு. சட்டென்று வரிசையையே கலைத்தேன். குழந்தையைச் சுற்றி ஒரே வளையமாக எல்லோரையும் நிறுத்தினேன். வளையத்தில் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை. கைதட்டிக்கொண்டேன். படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"நான் எங்கப்பா இருக்கேன்?"

"குழந்தைக்குப் பக்கத்துல மாமா."

"எல்லாருந்தான பக்கத்துல இருக்காங்க?"

"ஆமாம் மாமா."

மாமா சிரித்தார். "வெவரமான ஆளுதான்டா நீ."

காபிக் கடையை அழித்தேன். மாப்பிள்ளை இல்லாத பழைய அடுக்கை முகமில்லாத வெறும் வட்டங்களாக வரைந்து, பக்கத்தில் புது வளையத்தை வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன். நேர்காணலில் அந்த ஒரு பக்கத்தைப் பற்றித்தான் முக்கால்வாசி நேரம் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

இன்று எத்தனையோ தளங்கள் செய்கிறேன்; எதை வேண்டுமானாலும் கலைத்துப் போட்டு மாற்றுகிறேன். என் சொந்தத் தளத்தில் மட்டும் அந்தப் பக்கத்தைத் தொட முடிவதில்லை. ஒரு முகம் இம்மி நகர்ந்தாலும் கீரப்பாளையத்திலிருந்து போன் வந்துவிடுகிறது.