விசிலுக்குத் திரும்பாத பதினோரு பேர்

பாய்லர்காரர் வீட்டு மூத்த மருமகளை எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். கால்பந்து ஆட்டத்தில் எதிராளியின் காலுக்கு நடுவே தன் காலை விட்டுப் பந்தை வளைத்து எடுத்துவிடுவாள். அதனால் வந்த பேர். புகுந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே மில்லின் தறிக்கூடத்தில் சேர்ந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஆறு தறி அவள் கைக்கு வந்தது, காது இரண்டும் போயிற்று.

அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. முந்நூறு தறி ஒரே கூரைக்கடியில் அடிக்கும்போது கத்தி என்ன பிரயோஜனம்? தறிக்காரர்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். நாலு தறிக்கு அப்பால் நின்றுகொண்டு கொக்கியும் அவள் நாத்தனாரும் பேசாத வம்பில்லை. வீட்டில்தான் சங்கடம். புருஷன் திரும்பி நின்று ஏதாவது சொன்னால், "மூஞ்சியக் காட்டிப் பேசுய்யா, முதுகுக்கு ஏது உதடு?" என்பாள்.

மில் வருவதற்கு முன்னாலும் அந்த ஊரில் கால்பந்து இருந்தது. இந்தத் தெரு ஒரு பக்கம், அந்தத் தெரு ஒரு பக்கம். வந்தவரெல்லாம் ஆட்டக்காரர், இருட்டினால் முடிந்தது. மில் வந்ததும் சனிக்கிழமை அரைநாள் லீவு வந்தது, சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம் வந்தது, பக்கத்துக்குப் பதினோரு பேர், தொண்ணூறு நிமிஷம், மார்பில் மில் பேர் போட்ட சட்டை எல்லாம் வந்தன. பந்தின் பின்னால் ஓடுகிறவர்கள் சங்கத்தின் பின்னால் ஓடமாட்டார்கள் என்பது முதலாளியின் எண்ணம். ஆண்கள் அணி தோற்றுத் தோற்று மானத்தை வாங்கிய பிறகு பெண்களுக்கும் ஓர் அணி வைத்தார். காலையில் கேட்டை மூடும் டைம்கீப்பர்தான் மத்தியானம் நடுவர். கையில் அதே கடிகாரம், வாயில் அதே விசில்.

அந்த விசிலில்தான் வினை வந்தது. பக்கத்து மில்லோடு அரையிறுதி. ஆட்டத்தை நிறுத்த டைம்கீப்பர் ஊதினார். எல்லோரும் நின்றார்கள். கொக்கி மட்டும், 'அட, வழி விட்டுட்டாளுங்களே' என்று ஓடிப்போய்ப் பந்தை வலைக்குள் அடித்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தாள். மைதானமே சிரித்தது. திறந்த வாய்களைப் பார்த்து, பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, இன்னொரு தரம் குதித்தாள்.

அந்த கோல் செல்லாது என்றாலும் ஆட்டத்தை ஜெயித்தது கொக்கியின் அணிதான். தோற்ற மில் புகார் எழுதியது. மில்லின் தொழிலாளர் நலன் அதிகாரி கொக்கியை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"விசில் கேக்காதவங்க ஃபைனல் ஆட முடியாதும்மா. சட்டையக் குடுத்துடு."

"தறியில நிக்கறப்ப கேக்காட்டி பரவாயில்லையா சார்?"

"அது வேலை. இது விளையாட்டு."

"என் காது உங்க கூரைக்கடியிலதான் எங்கேயோ கெடக்கு. அதத் தேடிக் குடுங்க, நான் சட்டையக் குடுக்கறேன்."

அதிகாரி பல்லைக் கடித்தார். சனிக்கிழமை அணி முழுவதும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், பின்னாலிருந்து டைம்கீப்பர் ஊதுவார், திரும்பாதவர்களுக்கு அணியில் இடமில்லை என்றார்.

"போனாப் போகுது, பந்துதானே," என்றான் புருஷன், மறக்காமல் முகத்தைக் காட்டிக்கொண்டு.

"வாரம் பூரா தறி ஓட்டினபடி ஓடறேன். அந்த ஒண்ணரை மணி நேரம்தான் நான் நெனச்சபடி ஓடறேன். அத விடச் சொல்றியா?"



சனிக்கிழமை கிடங்குச் சுவரின் முன்னால் பதினோரு பேரும் வரிசையாக நின்றார்கள். ஊதியாயிற்றா, இல்லையா? கொக்கி கடைக்கண்ணால் பார்த்தாள். வலப்பக்கம் நாத்தனார் அசையவில்லை. இடப்பக்கம் கோல்கீப்பர், நூற்புப் பிரிவுக்காரி, பாம்புச் செவி அவளுக்கு. அவளும் திரும்பவில்லை. அப்படியானால் இன்னும் ஊதவில்லை. ஆனால் ஏன் கோல்கீப்பர் கன்னத்தைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள்? நாத்தனாருக்கு ஏன் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது?

அப்போதுதான் கொக்கிக்குப் புரிந்தது.

அதிகாரி சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் மிளகாய்ப்பழமாக இருந்தது. "நாலு தரம் ஊதியாச்சு! பதினோரு பேருமா செவிடு?"

"ஊதினீங்களா சார்?" என்றாள் நாத்தனார், ஒன்றும் அறியாதவள்போல. "நாங்க இன்னும் ஆரம்பிக்கலேன்னு நெனச்சோம்."

"அணியையே கலைச்சுடுவேன்!"

"கலைங்க சார்," என்றாள் கொக்கி. "ஆனா பதினோரு பேருக்கும் இந்த மில்லுல காது போச்சுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எல்லா மில் வாசல்லயும் ஒட்டிட்டு நாங்க வீட்டுக்குப் போறோம்."

அதிகாரி டைம்கீப்பரைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாகத் தாமதமாக வந்தவர்களை வெளியே நிறுத்திய அந்த மனுஷர், தோளில் கிடந்த துண்டை மெதுவாக எடுத்தார். "ஊதறப்ப இதையும் தூக்கிக் காட்டறேன் சார். எனக்கென்ன, கையா வலிக்கப் போகுது?"

அப்படித்தான் ஃபைனல் நடந்தது. கொக்கி தொண்ணூறு நிமிஷமும் ஆடினாள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். அந்த ஒன்று அவள் அடித்தது.

"ஆடியாச்சில்ல? இப்ப திருப்திதானே?" என்றார் அதிகாரி.

"எங்க சார் திருப்தி? திங்கக்கெழமை பதினோரு பேரும் உங்க ஆபீசுக்கு வரோம். தறிக்கூடத்துல புதுசா சேந்திருக்கிற பொண்ணுங்களுக்குக் காதுல வெக்கப் பஞ்சு வேணும். பஞ்சு மில்லுல அதுக்குமா தட்டுப்பாடு?"