பவுடர் டப்பாவும் ஐம்பதைத் தாண்டியவர்களும்

புரோட்டீன் பவுடர் விற்பவனிடம் இருபது வயதுக்காரர்கள் எதையும் கேட்க மாட்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் கேட்பதை நிறுத்த மாட்டார்கள். சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு ஜிம்முக்குக் கீழே கடை வைத்திருக்கிறேன். கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் எவ்வளவு பெரிய தலைவலி என்று கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் சிலரிடம் மரியாதை வந்துவிடுகிறது.

படபடப்பு

சிட்லபாக்கம் ராகவன் சார் பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். உடற்பயிற்சிக்கு முன்னால் குடித்தால் சுறுசுறுப்பு தருமென்று நண்பர் சொன்ன பவுடரைக் கேட்டு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்துகளை வரி விடாமல் படித்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவர் அசையவில்லை.

“இதுல காஃபின் நெறைய இருக்கும்போல இருக்கே?” என்றார். ஸ்ட்ராங் காபியை அடுத்தடுத்துக் குடித்த மாதிரிதான் என்றேன். லேபிளைப் போட்டோ எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டினார். மறுநாள் வந்து, டாக்டர் வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“எடையத் தூக்கறதுக்கு முன்னாடியே நெஞ்சு அடிச்சுக்கிட்டா, தூக்கறப்ப அது என்ன பண்ணும் தம்பி?”

மெர்சி அக்காவின் ரிப்போர்ட்

ராஜகீழ்ப்பாக்கத்தில் டீச்சராக இருக்கிறார் மெர்சி அக்கா. மாதவிடாய் நின்ற பிறகு, எலும்பு தேய்ந்துவிடுமோ என்ற பயத்தில் எடை தூக்க ஆரம்பித்தவர். தசைக்குப் பலம் தருமென்று என்னிடம்தான் கிரியாட்டின் பவுடர் வாங்கினார். ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு ஏறியிருந்தது.

அக்கா பதறவில்லை. டப்பாவையே பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனார். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். இரண்டாவது ரிப்போர்ட் சரியாக வந்தது. அந்தப் பவுடரால் அளவு ஏறிக் காட்டியிருக்கும், கிட்னி நன்றாகவே இருக்கிறது என்றாராம். அப்படியும் அக்கா யோசித்து, இனி முட்டையும் பருப்பும் போதும் என்று முடிவு செய்துவிட்டார். எடையை மட்டும் விடவில்லை.

“வயசக்கூட கொறச்சுச் சொல்லுவேன் தம்பி, என்ன முழுங்கறேன்னு மட்டும் டாக்டர்கிட்ட மறைக்க மாட்டேன்.”

இஞ்சின்

ஆட்டோ ஓட்டும் வேலு அண்ணன், மகள் கல்யாணத்துக்குள் தொப்பையைக் கரைக்க நினைத்தார். யாரோ கொடுத்த, லேபிளே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு காலையில் டிரெட்மில்லில் இருந்து இறங்கியவர் அப்படியே சரிந்தார். சத்தம் கேட்டு மேலே ஓடி, அவரை அவர் ஆட்டோவிலேயே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, பிழைத்தார்.

தேறி வந்தவர் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளவில்லை. ஜிம்மில் தன் வயதுக்காரர்களை உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொன்னார். அதைக் கேட்டு, அதே மாத்திரை வைத்திருந்த ஒருவர் என் கண்ணெதிரே குப்பையில் போட்டார்.

“கண்ணாடில பாத்தா பாடி சோக்காத்தான் கீது. உள்ள கீற இஞ்சினுக்கு அம்பத்தஞ்சு ஆவுதுன்றத நான்தாம்பா மறந்துட்டேன்.”

இப்படி வாங்காமல் போகிறவர்களையும் வாங்கிவிட்டு நிறுத்துகிறவர்களையும் மெச்சிக்கொண்டே கடை நடத்துவதில், என் வியாபாரம்தான் எந்த மாத்திரையும் இல்லாமல் நன்றாக இளைத்திருக்கிறது.